வீடு சர்க்காருடையது, பெட்டி சொந்தம்

தில்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ்களில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து, பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே வந்த கம்ப்யூட்டருக்கு இப்போது புதிய சோதனை

சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டிய வீடு அது. குழாய் ஒழுகினால் 'என்கொயரி'க்குப் போய்ப் புகார் எழுத வேண்டும். சுண்ணாம்பு எப்போது அடிப்பது என்பதை மத்தியப் பொதுப்பணித் துறை முடிவு செய்யும். எத்தனை அறை என்பதை வாங்கும் சம்பளம் முடிவு செய்யும். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் குடியிருந்த மத்திய அரசு ஊழியர் தன் இஷ்டப்படி பிரித்துப் போட்டு மறுபடி பூட்டிக்கொள்ள வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் அது முன்னறையின் மூலையில், மேலே துணி போர்த்தி, வெளிறிய சந்தன நிறத்தில் நின்றது. எந்தக் கம்பெனியின் பெயரும் முகப்பில் இல்லாத கம்ப்யூட்டர்.

'அசெம்பிள்டு' என்று அதற்குப் பெயர். வெள்ளிக்கிழமை ராத்திரி மூடியைக் கழற்றினால் ஞாயிறு மாலை வரை அது மூடப்படாது. அதை வாங்கி முடித்தாயிற்று என்று எந்த வீட்டிலும் யாரும் சொன்னதில்லை. இந்த தீபாவளி போனஸில் ராம், அடுத்த மார்ச்சில் சிடி டிரைவ், பையன் பத்தாவது பாஸானால் புது மதர்போர்டு. மனை வாங்கிப் போட்டு வருஷத்துக்கு ஓர் அறையாக வீடு கட்டுகிறவர்களின் கணக்கு இது. இங்கே மனையும் கிடையாது, வீடும் சர்க்காருடையது. வளர்ந்ததெல்லாம் பெட்டிக்குள்தான்.

எய்ம்ஸ் மருத்துவமனை, ஐ.என்.ஏ. மார்க்கெட், சவுத் எக்ஸ்டென்ஷன் மூன்றுக்கும் நடுவில் இருக்கிற இந்தக் காலனிக்கு ரஃபி அகமது கிட்வாயின் பெயரை வைத்திருப்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சர் அவர். டெலிபோனுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டிய நாட்டில், முன்பணம் கட்டினால் சீக்கிரம் இணைப்புத் தரும் 'ஓன் யுவர் டெலிபோன்' திட்டம் அவர் காலத்தில் வந்தது. 1954ல் அவர் மறைந்தார். வரிசையில் நின்று கிடைப்பதற்கும் கைக்காசு போட்டு முந்திக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் அவர் பெயரைத் தாங்கிய காலனிவாசிகளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

தமிழர்களுக்கு இந்தப் பகுதி பழக்கமானது. பக்கத்து லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில். ராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திர். அமைச்சகங்களில் அசிஸ்டென்ட்டாகவும் ஸ்டெனோவாகவும் செக்ஷன் ஆபீசராகவும் இருந்தவர்கள் கம்ப்யூட்டரை முதலில் பார்த்தது ஆபீசில். லோதி ரோடு சி.ஜி.ஓ. வளாகத்தைத் தலைமையகமாகக் கொண்ட தேசியத் தகவலியல் மையம் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரை ஆபீசர்கூடத் தொடத் தயங்குவார். வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்ற எண்ணம் பெற்றோருக்குத் தங்களுக்காக வரவில்லை, பிள்ளைகளுக்காக வந்தது. டைப்பும் ஷார்ட்ஹேண்டும் படித்து ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி வந்த தலைமுறை, தன் அடுத்த தலைமுறைக்கு அதே டிக்கெட்டை வேறு வடிவத்தில் தேடியது.

விலைதான் மிரட்டியது. 1990களின் நடுவில் ஓரளவு நல்ல கம்ப்யூட்டர் அரை லட்சத்தை அனாயாசமாகத் தொட்டது. கம்பெனிப் பெயர் போட்டதென்றால் அதற்கு மேல் பல ஆயிரம். இந்த நிலையில் 1997ல் ஐந்தாவது சம்பளக் கமிஷன் அமலுக்கு வந்தது. 1996 ஜனவரி முதல் கணக்கிட்டு நிலுவை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரே தவணையில் பெரிய தொகையைப் பார்த்த குடும்பங்களில் சில ஃபிரிட்ஜ் வாங்கின, சில ஊரில் மனை வாங்கின. பையனுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று நம்பிய குடும்பங்கள் நேரு பிளேஸுக்குப் பஸ் ஏறின.

நேரு பிளேஸ் தில்லியின் தென்பகுதியில், அவுட்டர் ரிங் ரோடின் ஓரத்தில், தில்லி வளர்ச்சிக் குழுமம் கட்டிய வணிக வளாகம். நடுவில் கல் பாவிய திறந்த வெளி. சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்கள். கீழ்த்தளத்திலும் நிலவறையிலும் மாடிப்படி ஓரத்திலும் கடைகள். கம்ப்யூட்டர் கம்பெனிகள் இங்கே ஆபீஸ் திறக்க, அவற்றின் பின்னால் உதிரிபாகக் கடைகள் வந்தன. சென்னைக்கு ரிச்சி தெரு, மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு. தில்லிக்கு இது. போலி சாஃப்ட்வேர் சிடிக்களைக் கூவி விற்ற பெருமையும் இதற்கு உண்டு. அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் வெளியிடும் பேர்போன கள்ளச் சந்தைகளின் பட்டியலில் நேரு பிளேஸ் பலமுறை இடம்பிடித்தது.

இந்தச் சந்தை தானாக முளைக்கவில்லை. ராஜீவ் காந்தி பிரதமரான சில வாரங்களில், 1984 நவம்பரில், புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் தீர்வையும் தளர்ந்தன. அதை வடிவமைத்ததில் முக்கியப் பங்கு தேசியத் தகவலியல் மையத்தின் என். சேஷகிரிக்கு. 1991ன் தாராளமயம் கதவை இன்னும் அகலத் திறந்தது. 1997ல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா சேர, பட்டியலிலிருந்த பாகங்களுக்கான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005ல் பூஜ்யத்தை எட்டியது. 1990களின் பிற்பகுதியில் இந்தியாவில் விற்ற கம்ப்யூட்டர்களில் ஏறத்தாழப் பாதி, பெயரில்லாத அசெம்பிள்டு பெட்டிகள்தான். தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியைச் சேர்ந்த ஷிவ் நாடார் 1976ல் தில்லியின் ஒரு மொட்டை மாடி அறையில் நண்பர்களுடன் தொடங்கிய எச்.சி.எல். நாட்டின் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. அதே தில்லியில் அதன் பெரிய போட்டியாளர், கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்த பெயர் தெரியாத பையன்.

அவனால் எப்படி முடிந்தது? காரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பர்சனல் கம்ப்யூட்டரை அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது பெரும்பாலான பாகங்களைத் தானே செய்யவில்லை. மூளை இன்டெலிடமிருந்து, இயக்கும் மென்பொருள் மைக்ரோசாஃப்டிடமிருந்து, மற்றவை கடையில் கிடைத்தவை. எந்த அட்டை எங்கே செருகும் என்பது ஊரறிந்த விஷயமாயிற்று. அடுத்த சில வருஷங்களில் காம்பாக் முதலான கம்பெனிகள் அதேபோல் செய்தன. பிறகு தைவான் மொத்த உலகத்துக்கும் செய்தது. ஐ.பி.எம்.முக்கு அது வியாபார நஷ்டம். கிட்வாய் நகருக்கு லாபம். ஒருவர் செய்த போர்டில் இன்னொருவர் செய்த ராம் பொருந்தும் என்ற அந்த ஒரே உண்மைதான் முழுச் சந்தைக்கும் அஸ்திவாரம்.

கடைக்குள் போனதும் கையில் தருவது ஒரு ஜெராக்ஸ் தாள். புராசஸர், மதர்போர்டு, ராம், ஹார்டு டிஸ்க், ஃபிளாப்பி டிரைவ், டிஸ்ப்ளே கார்டு, மானிட்டர், கேபினெட், கீபோர்டு, மவுஸ் என வரிசையாக விலை. மேலே தேதி. தேதி முக்கியம், ஏனென்றால் டாலர் அசைந்தால் மறுநாள் தாள் வேறு. விவரம் தெரிந்தவர்கள் நாலு கடைத் தாளை வாங்கி, வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து, இந்தக் கடையில் இது, அந்தக் கடையில் அது என்று வட்டம் போட்டார்கள். சரோஜினி நகரில் ஸ்வெட்டர் பேரம் பேசிப் பழகிய அம்மாக்கள் இங்கே மௌனமாக நின்றது ஒரு விசித்திரம். பில் போட்டால் ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை என்பதும் இருந்தது. பில் இல்லாத பாகம் பழுதானால், கடைக்காரருக்கு முகம் ஞாபகம் இருந்தால்தான் வாரண்டி.

ராம் விஷயத்தில் பொறுமைக்குப் பரிசு கிடைத்தது. 1995ல் உலகச் சந்தையில் ஒரு மெகாபைட் ராம் சுமார் 30 டாலர். அன்றைய மதிப்பில் ஆயிரம் ரூபாய். அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 குறைந்தபட்சம் கேட்டது 4 மெகாபைட். சௌகரியமாக ஓட 8. ஆசைப்பட்டு 16 வாங்கியவர் மாதக்கணக்கான சம்பளத்தைப் பலகையில் செருகினார். 1996 முடிவதற்குள் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு விழுந்துவிட்டது. இன்று தேவையானதை மட்டும் வாங்கு, மிச்சத்துக்கு இடம் விட்டுவை என்ற பாடத்தை அந்த இரண்டு வருஷங்கள் கற்றுக்கொடுத்தன. அதனால்தான் போர்டு வாங்கும்போது எத்தனை ஸ்லாட் காலி என்பது முதல் கேள்வியாயிற்று.

பூட்டுவதைக் கடைப் பையனே முக்கால் மணியில் செய்து கொடுத்துவிடுவான். ஆனால் வீட்டில் ஒருமுறையாவது அதைத் திறக்க வேண்டி வரும். கம்ப்யூட்டர் என்பது மாயம் இல்லை என்று அந்த வீட்டுக்குத் தெரியவந்த நாள் அதுதான். அந்தக் காலத்துப் பெட்டியில் பயமுறுத்தும் இடம் மின்சாரம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து மதர்போர்டுக்கு வரும் இணைப்பு இரண்டு துண்டாக இருக்கும்: பி-8, பி-9. இரண்டும் ஒரே வடிவம். இடம் மாற்றிச் செருகினால் போர்டு செத்தது. கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது வாய்மொழிச் சூத்திரம். பெட்டியின் முன்பக்கத்து ஸ்விட்சுக்கே 230 வோல்ட் நேராக வந்தது. பிளக்கைப் பிடுங்காமல் கை விட்டவர்கள் அதை மறக்கவில்லை. 1995ல் இன்டெல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். அமைப்பு இந்த இரண்டு ஆபத்தையும் நீக்கியது. தப்பாகச் செருக முடியாத ஒரே இணைப்பு, முன் ஸ்விட்சில் ஆளைக் கொல்லாத சிறு மின்னழுத்தம். அதில் வகுத்த ஸ்க்ரூ துளைகளின் இடம் இன்றைய போர்டுகளிலும் மாறவில்லை. அந்தக் காலத்துக் கேபினெட் ஒன்று பரணில் இருந்தால், இன்று வாங்கும் போர்டை அதில் பூட்டப் பார்க்கலாம். பொருந்தினாலும் காற்றுதான் போதாது.

பென்டியம் போர்டில் ராம் சிம்களை ஜோடி ஜோடியாகப் போட வேண்டும். ஒற்றையாக ஒன்று போட்டால் பெட்டி விழிக்காது. ஒரே கேபிளில் இரண்டு ஹார்டு டிஸ்க் என்றால் ஒன்று எஜமான், ஒன்று அடிமை என்று குட்டி ஜம்பரை மாற்றிவைக்க வேண்டும். புராசஸரின் வேகத்தையும் போர்டில் ஜம்பர் வைத்தே சொல்ல வேண்டும். எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு குட்டி 'பீப்'. ராம் சரியாக உட்காரவில்லை என்றால் நீளமாக, விடாமல் அலறும். அதற்கு வைத்தியம் பள்ளிக்கூடப் பையில் இருந்தது. ராமின் பொன்முலாம் பல்லைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி அழுத்திச் செருகுவது. அனேகமாக வேலை செய்யும். இன்றும் செய்கிறது.

தில்லியின் பருவங்கள் வேறு தங்கள் பங்குக்கு வந்தன. மே மாதத்து ஆந்திப் புழுதி ஜன்னல் இடுக்கு வழியே வந்து புராசஸரின் விசிறியில் பஞ்சுபோல் அடைந்தது. 45 டிகிரி வெயிலில் மூடியைத் திறந்து வைத்துப் பக்கவாட்டில் டேபிள் ஃபேன் வைத்த வீடுகள் உண்டு. அது காற்றோடு புழுதியையும் உள்ளே தள்ளியது. டெசர்ட் கூலர் இருந்த அறையில் ஈரம். டிசம்பரில் கம்பளி ஸ்வெட்டரோடு ராமைத் தொட்டால் விரல் நுனியில் பொறி தெறிக்கும். அந்தப் பொறி ஒரு சிப்பைக் கொல்லப் போதும். முதலில் கேபினெட்டின் வெற்று உலோகத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் பாகத்தைத் தொடு என்பது செலவில்லாத பாதுகாப்பு. வோல்டேஜ் ஏறி இறங்கியதால் யு.பி.எஸ். ஆடம்பரம் ஆகவில்லை. எர்த்திங் சரியில்லாத பிளக்கில் போட்டு கேபினெட்டைத் தொட்டவர்கள் மறுபடி போய் நின்ற இடம், அதே 'என்கொயரி'.

ஏமாற்றும் இருந்தது. புராசஸரின் மேல் எழுதிய எண்ணைச் சுரண்டி, அதிக வேக எண்ணை அச்சிட்டு விற்பது அப்போது உலகம் பூராவும் நடந்த மோசடி. 133 மெகாஹெர்ட்ஸ் சிப் 166 என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். டிசம்பரில் ஓடும், ஜூனில் தொங்கும். வேகப் பெருக்கியை இன்டெல் பிற்பாடு பூட்டியதற்கு இந்த மோசடியும் ஒரு காரணம். நேர் எதிரான அதிர்ஷ்டமும் உண்டு. 1998ல் வந்த செலரான் 300-ஏ, குறைந்த விலைச் சிப். போர்டின் பஸ் வேகத்தை 66லிருந்து 100 ஆக்கினால் பெரும்பாலும் அது 450 மெகாஹெர்ட்ஸில் நிம்மதியாக ஓடியது. வாங்கிய விலையைவிடப் பெரிய சிப் கையில் இருக்கிறது என்ற அந்தச் சந்தோஷம், ரேஷன் கடையில் எடை கூடி வந்ததுபோல.

கடைகளில் ஓயாமல் நடந்த வாதம் இன்டெல்லா, ஏ.எம்.டி.யா என்பது. பென்டியம் வாங்குகிறவர் ஜாக்கிரதைக்காரர். கே-6 வாங்குகிறவர் கணக்குப் பார்ப்பவர். இரண்டிலும் ஒரே மனிதரின் கை உண்டு என்பது வாதாடியவர்களில் பலருக்குத் தெரியாது. தில்லி பொறியியல் கல்லூரியில் 1971ல் பட்டம் பெற்ற வினோத் தாம், இன்டெலில் பென்டியம் பணிக்குத் தலைமை தாங்கினார். 1995ல் விலகி நெக்ஸ்ஜென் என்ற சிறு கம்பெனிக்குப் போனார். ஏ.எம்.டி. அந்தக் கம்பெனியை வாங்கியது. அதன் வடிவமைப்பிலிருந்து பிறந்ததுதான் கே-6.

பெட்டி வளர்ந்ததில் ஒரு ஒழுங்கு இருந்தது. முதலில் ராம், ஏனென்றால் குறைந்த செலவில் கண்ணுக்குத் தெரியும் பலன். அடுத்து ஹார்டு டிஸ்க். புராசஸரை மாற்றினால் போர்டும் மாறும், போர்டு மாறினால் ராமின் வகையும் மாறும். ஆகவே அதை முடிந்தவரை தள்ளிப்போட்டார்கள். சிம் போய் டிம் வந்தது. 2000த்தை ஒட்டி டி.டி.ஆர்.; பிறகு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று தலைமுறைகள். ஒன்றின் ராம் மற்றொன்றில் செருகாது. ஐந்தாறு வருஷத்தில் மானிட்டரும் கீபோர்டும் தவிர எல்லாம் மாறியிருக்கும். ஆனாலும் அது அதே கம்ப்யூட்டர்தான். பழைய பாகங்களுக்கும் பயணம் உண்டு. சில திருச்சியிலோ கும்பகோணத்திலோ இருந்த தம்பி வீட்டுக்கு ரயிலில் போயின. மிச்சம் கபாடிவாலாவின் சைக்கிளில் ஏறி, கிழக்கு தில்லியின் சீலம்பூர் பக்கம் போய்ச் சேர்ந்தன. அங்கே போர்டுகளிலிருந்து தாமிரத்தையும் தங்கத்தையும் சுரண்டி எடுக்கும் ஏழைத் தொழிலாளிகள், அமிலப் புகையில் வேலை செய்தார்கள். மின்னணுக் கழிவுக்குத் தனி விதிகள் 2011ல்தான் வந்தன. அமிலப் புகையில் ஓடும் தொழில் அதற்குப் பிறகும் முழுதாக ஒழியவில்லை. அப்கிரேடின் இந்தப் பாதி நேரு பிளேஸ் விலைத் தாளில் எழுதப்படுவதில்லை.

தாளில் இருந்த விலையோ தூர தேசத்து விபத்துகளுக்குக் கட்டுப்பட்டது. 1999 செப்டம்பர் 21ல் தைவானில் பூகம்பம். ராம் விலை எகிறியது. 2011ல் தாய்லாந்தில் வெள்ளம்; தொழிற்சாலைகளில் தண்ணீர் புகுந்து ஹார்டு டிஸ்க் விலை ஏறத்தாழ இரட்டிப்பானது. பிறகு கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் முறையை மாற்றிக்கொண்டதும், தேய்ந்த கார்டுகள் செகண்ட் ஹாண்டில் குவிந்தன. 

இதற்கிடையில் காலனியே மாறிவிட்டது. கிழக்கு கிட்வாய் நகரின் பழைய குவார்ட்டர்ஸ்கள் 2010களில் இடிக்கப்பட்டன. அரசு நிறுவனமான என்.பி.சி.சி. சுமார் 86 ஏக்கரில் 4,600க்கும் மேற்பட்ட வீடுகளை அடுக்குமாடிகளாக எழுப்பியது. நேரு பிளேஸுக்கு இப்போது பஸ்ஸுக்காக வெயிலில் நிற்க வேண்டியதில்லை. ஐ.என்.ஏ.யில் மெட்ரோவின் பிங்க் லைனில் ஏறி, லாஜ்பத் நகரில் வயலெட் லைனுக்கு மாறினால் மூன்றாவது ஸ்டேஷன். போகிறவர்கள்தான் குறைவு. பெரும்பாலோர் லாப்டாப்புக்கோ மொபைலுக்கோ மாறிவிட்டார்கள். பாகங்களில் பாதி வீட்டு வாசலுக்கே பார்சலாக வருகின்றன. எச்.சி.எல். குழுமமே 2013ல் கம்ப்யூட்டர் தயாரிப்பை விட்டுவிட முடிவு செய்தது. பெயருள்ளது போயிற்று, பெயரில்லாதது நிற்கிறது.

யார் இன்னும் கட்டுகிறார்கள்? கேம் ஆடும் பிள்ளைகள், வீடியோ எடிட் செய்கிறவர்கள், வீட்டில் வரைபட வேலை பார்க்கும் இன்ஜினியர்கள். சர்க்காரும் தன் வழியில் இதை அங்கீகரித்திருக்கிறது. ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு, 2016ல், ஊழியர்களுக்கான வட்டியுள்ள முன்பணங்களில் கார், ஸ்கூட்டர் எல்லாம் ரத்தாயின. வீடு கட்டவும் கம்ப்யூட்டர் வாங்கவும் தருவது மட்டும் மிஞ்சியது. கம்ப்யூட்டருக்கு ரூ. 50,000 அல்லது அசல் விலை, எது குறைவோ அது. சர்வீஸில் ஐந்து முறை வரை வாங்கலாம். ஒருமுறை வாங்கினால் தீராத சாமான் இது என்று ஃபைல் மொழியிலேயே ஒப்புக்கொண்டது போல. 2023 ஆகஸ்டில் லாப்டாப், டாப்லெட், ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்களின் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று அறிவித்து, பிறகு அரசு இறங்கி வந்ததே, அந்தப் பட்டியலில்கூட மதர்போர்டும் ராமும் இல்லை.

அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. 2025 அக்டோபர் 14ல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் சுமார் 2017க்குப் பிந்தைய எட்டாம் தலைமுறை புராசஸரும் வேண்டும். அதாவது, எட்டு ஒன்பது வருஷமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடும் பெட்டி திடீரென்று தகுதியற்றதாகிவிட்டது. எந்தப் பாகமும் பழுதாகவில்லை. ரப்பரால் தேய்த்துச் சரிசெய்யவும் எதுவும் இல்லை. போர்டு, புராசஸர், ராம் மூன்றையும் ஒன்றாக மாற்று என்றால் அது அப்கிரேடே அல்ல, புதுக் கம்ப்யூட்டர்.

மாற்றலாம் என்று கிளம்பியவர்களுக்கு அடுத்த அடி. உலகத்தின் ராமில் மிகப் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். செயற்கை நுண்ணறிவுக்கான ராட்சத டேட்டா சென்டர்கள் அதிக விலைக்கு அள்ள, இவை உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. 2025 இறுதியில் வீட்டு உபயோக ராம் விலை மாதக்கணக்கில் இரட்டிப்பைத் தாண்டியது. அந்த டிசம்பரில், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வியாபாரத்தையே கைவிடுவதாக மைக்ரான் அறிவித்தது. இன்று கொஞ்சம், அடுத்த வருஷம் மலிவாக மிச்சம் என்ற கிட்வாய் நகர் சூத்திரம் தலைகீழானது.

லாப்டாப்தான் வழியா? மெல்லிய லாப்டாப்கள் பலவற்றில் ராமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் நாளில் எவ்வளவோ, குப்பைக்குப் போகும் நாளிலும் அவ்வளவே. பழுது நீக்கும் உரிமை பற்றி நுகர்வோர் விவகாரத் துறை 2022ல் கமிட்டி போட்டு, இணையதளமும் திறந்தது. ஆனால் பற்றவைத்ததைப் பிரிக்க அதில் வழி சொல்லவில்லை.

பழைய பெட்டியை வைத்திருப்பவர் செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால் முதலில் பயாஸைத் திறந்து பார்க்க வேண்டும். டி.பி.எம். வசதி உள்ளேயே இருந்து, அணைத்து வைக்கப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். அதை 'ஆன்' செய்ய ஒரு பைசா செலவில்லை. அதைவிடப் பழையதென்றால், பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துக்கொள்ளும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் தந்தது. அதற்கு மேல் லினக்ஸ் உண்டு; கடிதம் எழுதவும் பேங்க் வேலைக்கும் படம் பார்க்கவும் அது தாராளம், தமிழும் அதில் சுகமாக வருகிறது. இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஓடும் பெட்டி என்றால், எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டால் போதும். இத்தனை வருஷ அப்கிரேடுகளில் இவ்வளவு வித்தியாசம் காட்டியது வேறு எதுவும் இல்லை. புதிதாகவே கட்டுகிறவர் காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்றுதான்: எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசமாக வரும் டப்பாவில் எத்தனை வாட் என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம். அது போகும்போது தனியாகப் போவதில்லை.

ரிட்டயரானவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது பட்டியல் வைத்துச் சரிபார்க்கிறார்கள். ஃபேன் எத்தனை, குழாய் எத்தனை, ஸ்விட்ச் போர்டு உடைந்திருக்கிறதா. எல்லாம் சரியென்றால்தான் 'நோ டிமாண்ட்' சர்டிஃபிகேட். மூலையில் நிற்கும் பெட்டியைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. கேபினெட்டும் மானிட்டரும் பழைய போர்வையில் சுற்றி லாரியில் போகும். ஹார்டு டிஸ்க்கை மட்டும் முந்தின நாள் ராத்திரி நாலு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்து, டவலில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அது தலையணைக்கு அடியில் வரும்.